கரணை பிடிக்கும் கையில் அளவு நோட்டும் வரட்டும்

காலை ஏழு மணிக்கு எந்த ஊர் பஸ் நிலையத்துக்குப் போனாலும் கூடை, மண்வெட்டி, கரணையோடு வேலைக்குக் காத்து நிற்கும் ஒரு கூட்டத்தைப் பார்க்கலாம். அதில் நம் காலனிக்காரர்கள் எத்தனை பேர் என்று விசாரிக்கத் தேவையில்லை. அஸ்திவாரம் தோண்டுவது, ஜல்லி சுமப்பது, கலவை போடுவது, சென்ட்ரிங் அடிப்பது, சுவர் எழுப்புவது என்று எல்லாவற்றிலும் நம் கை இருக்கிறது. எழுப்பிய சுவரை டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதுகிற கை மட்டும் பெரும்பாலும் வேறொருவருடையது. அவர் எழுதுவதுதான் பில், அவர் சொல்வதுதான் கூலி. இருபது வருஷம் கொத்தனாராக இருந்தவர்கூட "கணக்கெல்லாம் அவங்களுக்குத்தாங்க தெரியும்" என்று ஒதுங்கிவிடுகிறார்.

செயற்கை நுண்ணறிவு, சுருக்கமாக ஏஐ, இந்த இடத்தில்தான் நமக்கு உதவும் என்று நினைக்கிறோம். செங்கல் அடுக்க ரோபோ வருமா, நம் வேலை போய்விடுமா என்ற பேச்சு டீக்கடைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்றரை சென்ட் மனையில் வீடு கட்டும் தெருவுக்குள் ரோபோ வருவதற்குள் நம் பேரப் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். ஆனால் கணக்குப் போடும் ஏஐ ஏற்கெனவே நம் பாக்கெட்டில் இருக்கும் போனுக்குள் வந்துவிட்டது.

சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற செயலிகளை ஓர் அளவு வரை காசு இல்லாமலே பயன்படுத்தலாம். ஆங்கிலம் வேண்டாம், தட்டச்சும் தெரிய வேண்டியதில்லை. மைக் பொத்தானை அழுத்தித் தமிழில் பேசினால் தமிழிலேயே பதில் வரும். வீட்டில் பாலிடெக்னிக்கோ ஐ.டி.ஐ.யோ படிக்கும் பிள்ளை இருந்தால், அப்பாவோ சித்தாள் வேலை பார்க்கும் அம்மாவோ பக்கத்தில் உட்கார ஒரு மாலை நேரம் போதும். பிள்ளைக்குப் போன் தெரியும், பெற்றவர்களுக்கு வேலை தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் இது நடக்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம். ஐந்து அங்குலக் கனம் என்று வைத்துக்கொண்டால் 125 கன அடி கான்கிரீட். 1:1½:3 கலவைக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் என்று போனைக் கேளுங்கள். 28 மூட்டை என்று சொன்னால் சரி. சில நேரம் 18 என்று சொல்லும். இங்கேதான் விழிப்பாக இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கலந்தால் சிமெண்டும் மணலும் ஜல்லியும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி அளவு சுருங்கும். அதனால் கான்கிரீட்டின் கன அடியை 1.54 ஆல் பெருக்கித்தான் உலர்ந்த பொருளின் அளவைக் கணக்கிட வேண்டும். அதை விட்டுவிட்டால் பத்து மூட்டை குறையும். தளம் போடும் நாளில் நடுவில் சிமெண்ட் தீர்ந்தால் என்ன ஆகும் என்பதை எந்தக் கொத்தனாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதனால் விடையை மட்டும் வாங்காதீர்கள். "படிப்படியாகக் கணக்கைக் காட்டு" என்று கேளுங்கள். எங்கே விட்டது என்று உங்கள் கண்ணுக்கே தெரியும். இதே தளத்துக்கு எம்-சாண்ட் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், ஜல்லி ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் வரும். அனுபவசாலி மேஸ்திரி வாயாலேயே சொல்லும் கணக்குதான் இது. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

செங்கலிலும் இதே சிக்கல் உண்டு. நீங்கள் அளவு சொல்லாவிட்டால் அது புத்தகத்தில் உள்ள 19 சென்டிமீட்டர் செங்கலை எடுத்துக்கொள்ளும். நம் சூளையில் வரும் கல் வேறு. நாலைந்து கல்லை அளந்து, அந்த அளவைச் சொல்லிக் கேட்க வேண்டும். வரைபடத்தைப் போட்டோ எடுத்துக் கொடுத்தாலும் சிறிய எழுத்துகளைத் தப்பாகப் படித்துவிடும். அளவுகளை வாயால் சொல்வதே நல்லது. இன்றைக்கு நம் ஊரில் ஒரு லோடு என்ன விலை என்பதும் அதற்குத் தெரியாது. கேட்டால் ஏதாவது ஒரு விலையைச் சொல்லும், நம்ப வேண்டாம். கம்பி எத்தனை, பீம் எவ்வளவு ஆழம் என்பதையும் போனிடம் கேட்டுக் கட்டக் கூடாது. அது பொறியாளர் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டிய வேலை.

இனி பூச்சு வேலைக்கு வருவோம். நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். பத்தடிக்குப் பத்தடி நடுச்சுவர், அதில் மூன்றுக்கு ஏழு கதவு. இரண்டு பக்கமும் பூசினால் கதவைக் கழிக்காமல் 200 சதுர அடி. மேஸ்திரி நோட்டில் கதவை இரண்டு பக்கமும் கழித்து 158 என்று எழுதுவார். பூச்சு வேலையை அளக்க ஐ.எஸ். 1200 என்று ஓர் இந்தியத் தர விதி இருக்கிறது, அதன் 12-வது பகுதி. ஏறக்குறைய ஐந்தரை சதுர அடி வரையுள்ள திறப்புக்குக் கழிவே கிடையாது. அதற்கு மேல் சுமார் 32 சதுர அடி வரை, இருபுறமும் ஒரே பூச்சாக இருந்தால் ஒரு பக்கம் மட்டுமே கழிக்க வேண்டும். கதவின் உள்விளிம்புகளைப் பூசும் உழைப்புக்கு ஈடாகத்தான் இந்த ஏற்பாடு. அப்படிப் பார்த்தால் 179 சதுர அடி. ஒரு கதவுக்கு 21 சதுர அடி, ஐந்து கதவுக்கு 105. ஒரு சுவரையே இலவசமாகப் பூசிக் கொடுத்த கணக்கு!

இந்த விதி ஆங்கிலத்தில் இருக்கிறது. போனில் கேட்டால் தமிழில் விளக்கும், உங்கள் அளவுக்குக் கணக்கும் போட்டுத் தரும். தனியார் வேலையில் பேசிக்கொண்டதுதான் சட்டம் என்பதால், வேலை தொடங்கும் முன்பே "கதவு ஜன்னல் கழிவு எப்படி?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேள்வி கேட்பவரை "ரொம்பப் பேசறான்" என்று வேலையை விட்டு நிறுத்துவதும் நடக்கும். அதனால் தனியாளாகக் கேட்காமல் ஒரு செட்டாகக் கேளுங்கள்.

சொந்தமாகக் கான்ட்ராக்ட் எடுக்க நினைக்கும் இளைஞர்களுக்கு வேலை இன்னும் கொஞ்சம் அதிகம். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை உண்டு. கலவை இயந்திரம், சென்ட்ரிங் தகடு வாங்கித் தொழில் தொடங்க நினைப்பவர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். ஆனால் திட்ட அறிக்கை என்றதும் பலர் ஏஜெண்டைத் தேடிப் போய்ப் பணத்தைக் கொடுக்கிறார்கள். முதல் வரைவை ஏஐ எழுதிவிடும். எண்கள் மட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டும். நாற்பது பக்க டெண்டர் ஆவணத்தைக் கொடுத்து "முன்வைப்புத் தொகை எவ்வளவு, கடைசித் தேதி எது, என்னென்ன சான்று வேண்டும்" என்று கேட்டால் தமிழில் சொல்லும். சொன்னதை அந்தப் பக்கத்தைத் திருப்பி ஒருமுறை சரிபாருங்கள்.

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, பொதுப்பணியும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. கட்டடத்தின் கணக்கு நமக்குப் புதிதல்ல என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெரிய தளங்களில் முகத்தைப் பார்த்து வருகைப் பதிவு செய்யும் கருவி வந்துவிட்டது. பிரதமர் வீடு திட்டக் கணக்கெடுப்புச் செயலியிலும் முக அடையாளம்தான். சிமெண்ட் தின்ற விரலில் ரேகை விழாமல் ரேஷன் கடையில் திண்டாடியவர்கள் நாம். 2018-ல் அமெரிக்காவில் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு கறுப்பினப் பெண் ஆய்வாளர்கள் சில நிறுவனங்களின் முக ஆய்வு மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆணா பெண்ணா என்று சொல்வதில் வெளுத்த ஆண்களிடம் தவறு ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்தது. கறுத்த பெண்களிடம் அது 34.7 சதவீதம் வரை போனது. வெயிலில் நிற்கும் நம் பெண்களின் முகத்தை இந்தக் கருவி எப்படிப் பார்க்கும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கருவி தவறினால் அன்றைய கூலிக்கு யார் பொறுப்பு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஆதார் எண், வங்கிக் கணக்கு, ஓ.டி.பி. எதையும் இந்தச் செயலிகளில் சொல்லாதீர்கள். மற்றபடி முதல் வாரத்துக்கு ஒரே ஒரு வேலை போதும். தினமும் மாலை, எந்தத் தளம், என்ன வேலை, எத்தனை ஆள், எவ்வளவு கூலி பேசினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று போனில் பேசிச் சொல்லுங்கள். சனிக்கிழமை மாலை "இந்த வாரக் கணக்கை அட்டவணையாகப் போடு" என்றால் தேதிவாரியாக வந்துவிடும். அதை ஒரு நோட்டிலும் எழுதிவையுங்கள். கூலி பாக்கிக்காகத் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போனால், அங்கே முதலில் கேட்பது எந்தத் தேதியில் எத்தனை நாள் வேலை செய்தீர்கள் என்பதைத்தான்.