இரவு பத்து மணி வாட்ஸ்அப்

ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை எனக்கு. வருமான வரிக் கெடு நெருங்கும் ஜூலையில் இரவு பத்து மணி வரைகூட உட்காருவேன். அதில் எனக்குக் குறையில்லை. ஏதோ ஒரு நவம்பர் இரவில், சோறு பிசையும்போது "அந்த ஜிஎஸ்டி ஃபைல் எங்கேம்மா?" என்று முதலாளியின் வாட்ஸ்அப் வந்தால்தான் எரிச்சல். காலையில் பார்த்தால் குடியா முழுகிவிடும்? "எட்டு மணிக்கு மேல் அவசரம்னா போன் பண்ணுங்க சார், மெசேஜைக் காலையில்தான் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டேன். அதன்பின் போனே வரவில்லை. அவ்வளவுதான் அவசரம்!

பிரான்ஸில் 2017 முதல், 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பின் தொடர்புகொள்வதைப் பற்றி ஊழியர் தரப்போடு பேசியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில், வேலை நேரம் முடிந்தபின் வரும் அழைப்பை, மறுப்பது நியாயமற்றதாக இல்லாதவரை, எடுக்காமலிருக்கும் உரிமை நடைமுறைக்கு வந்தது. நம் மக்களவையில் 2018இல் எம்.பி. சுப்ரியா சுலே இதே உரிமைக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை.

முதலாளிகளை மட்டும் சொல்வானேன்? சக ஊழியர்களான நாமும் அடுத்தவர் சொந்த வாழ்க்கைக்குள் நுழைகிறோம். புதிதாகத் திருமணமான பெண் டிஃபன் பாக்ஸைத் திறக்கும் முன்பே "ஏதாவது விசேஷம் உண்டா?" என்கிறோம். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் கேட்காதீர்கள். அவளாகச் சொன்னால் காது கொடுங்கள். சொன்னதை அடுத்த மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள்.