சைக்ளோட்ரான்

மின்னூட்டம் பெற்ற துகள்களைச் சுருள்பாதையில் ஓடவிட்டு, சுற்றுக்குச் சுற்று வேகமேற்றும் முடுக்கி சைக்ளோட்ரான். இதன் யோசனை அமெரிக்காவின் பெர்க்லியில் எர்னஸ்ட் லாரன்ஸுக்கு 1929இல் உதித்தது. நூலகத்தில் ரோல்ஃப் விடரோவின் ஜெர்மன் கட்டுரை ஒன்று அவர் கையில் கிடைத்தது. ஜெர்மன் அவருக்குச் சரியாக வராது. படங்களைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். குழாய்களை வரிசையாக வைத்து, அயனிகளைத் திரும்பத் திரும்ப உந்தலாம் என்றது கட்டுரை. ஆற்றல் கூடக்கூட வரிசையும் நீளுமே! பாதையைக் காந்தத்தால் வளைத்துவிட்டால் இரண்டே மின்முனைகள் போதும் என்று கண்டார் லாரன்ஸ்.

காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே காற்று நீக்கிய தட்டையான அறை. அதனுள் அரைவட்ட வடிவில் இரண்டு வெற்று உலோகப் பெட்டிகள், இடையே சிறு இடைவெளி. மையத்தில் பிறக்கும் அயனி இடைவெளியைக் கடக்கும்போது மின்புலம் அதை உந்துகிறது. பெட்டிக்குள் மின்புலம் கிடையாது. காந்தப்புலம் அதை அரைவட்டமாகத் திருப்பி மறுபடி இடைவெளிக்குக் கொண்டுவருகிறது. அதற்குள் மின்னழுத்தம் திசை மாறியிருப்பதால் மீண்டும் ஓர் உந்தல். வேகம் கூடினால் வட்டமும் அதே விகிதத்தில் பெரிதாகும்; ஆகவே ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் மாறுவதே இல்லை. ஒரே அதிர்வெண்ணில் மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டிருந்தால் போதும். கருவியின் உயிர்நாடியே இந்தப் பொருத்தம்தான்.

1931 ஜனவரியில் லாரன்ஸின் மாணவர் ஸ்டான்லி லிவிங்ஸ்டன் உள்ளங்கையில் அடங்கும் மாதிரி ஒன்றை இயக்கினார். 2,000 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில், அயனிகள் 80,000 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை எட்டின. லாரன்ஸுக்கு 1939இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒளியின் வேகத்தை நெருங்கும் துகளிடம் இந்தப் பொருத்தம் செல்லாது. சார்பியல் விளைவால் சுற்று நேரம் நீள, துகள் தாளம் தப்பிவிடும். அதற்கு மாற்றாக வந்தது, ஆற்றலுக்கு ஏற்பக் காந்தப்புலத்தையும் கூட்டிக்கொண்டே போகும் சிங்க்ரோட்ரான். ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும் பெரும் மோதுகருவி அந்த வகையைச் சேர்ந்ததே.

சைக்ளோட்ரான் அதனால் ஓய்ந்துவிடவில்லை. கொல்கத்தாவில் 1977 முதல் ஒன்று அணுக்கரு ஆய்வுக்கு உதவுகிறது. மருத்துவத்தில்தான் இன்று அதற்கு அதிக வேலை. பெட் ஸ்கேனுக்கு வேண்டிய ஃப்ளூரின்-18, ஏறத்தாழ 110 நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். வெகு தொலைவிலிருந்து வரவழைக்க முடியாது. ஆகவே மருத்துவமனையிலோ அதற்கு எட்டும் தொலைவிலோ சைக்ளோட்ரான் வைத்து, ஆக்சிஜன்-18 செறிந்த நீரைப் புரோட்டான்களால் தாக்கி அதைத் தயாரிக்கிறார்கள். புற்றுநோய்க்கான புரோட்டான் சிகிச்சை மையங்கள் பலவற்றிலும் கற்றையைத் தருவது சைக்ளோட்ரானே.