பெட்டிக்குள் ஒரு பேரேடு

திண்டுக்கல்லைத் தொட்டுச் செல்லும் நாற்கரச் சாலையில் சற்று நேரம் நின்று பாருங்கள். தூத்துக்குடித் துறைமுகம் நோக்கிச் செல்லும் லாரிகளின் முதுகில் நீண்ட இரும்புப் பெட்டிகள் இருக்கும். உள்ளே இருப்பது நம்மூர் ஆலை நூலா, வேறு சரக்கா என்பது கப்பலில் ஏற்றும் கிரேனுக்குத் தெரிய வேண்டியதில்லை. பெட்டியின் அளவு ஒரே மாதிரி இருந்தால் போதும். 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் இத்தகைய 58 பெட்டிகளுடன் புறப்பட்டது. மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளியின் யோசனை அது.

கணினி உலகமும் இந்த யோசனையைக் கடன் வாங்கிக்கொண்டது. ஒரு மென்பொருளையும், அது இயங்கத் தேவையான துணைப் பொருள்களையும் ஒரே கட்டாகக் கட்டிவிட்டால், என் கணினியில் ஓடுவது உங்கள் கணினியிலும் அப்படியே ஓடும் அல்லவா? இந்தக் கட்டுக்கும் ‘கன்டெய்னர்’ என்றே பெயர். 2013-இல் வெளிவந்த ‘டாக்கர்’ இதைப் பரவலாக்கிற்று. பெட்டிகள் பெருகியதும், பல கணினிகளுக்கு அவற்றைப் பகிர்ந்து கொடுத்து மேய்க்க ஒருவர் தேவைப்பட்டார். 2014-இல் கூகுள் நிறுவனம் வெளியிட்ட ‘குபெர்னெட்டிஸ்’ அந்த வேலையைச் செய்கிறது. கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குச் சுக்கான் பிடிப்பவன் என்று பொருள். நம் பழைய சொல் மீகாமன்! வகுப்பில் நான் மீகாமன் என்றே சொல்வது வழக்கம். இங்கும் அப்படியே சொல்கிறேன். ஒரு மீகாமனின் கீழ் சேர்ந்து உழைக்கும் கணினிகளைக் கணினிக் கூட்டம் எனலாம்.

மீகாமனின் குணம் ஒன்றை நினைவில் வையுங்கள். ஒரு பெட்டி செயலிழந்தால் அதைப் பழுதுபார்த்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருக்க மாட்டான். அதைத் தள்ளிவிட்டு, அதே அச்சிலிருந்து புதிய பெட்டி ஒன்றை ஓடவிடுவான்.

மூட்டையும் கணக்கும்

திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் ஒரு கமிஷன் மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டை தூக்குபவர் ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் தூக்குவார். வியாபாரம் நிற்காது. ஆனால் கணக்குப்பிள்ளையின் பேரேடு காணாமற்போனால்? எந்த விவசாயிக்கு எவ்வளவு பாக்கி என்று யாருக்கும் தெரியாது. புதுப் பேரேடு ஒன்றை வாங்கி வைத்தால் சரியாகிவிடுமா?

கணினியில் அந்தப் பேரேட்டின் பெயர் தரவுத்தளம். பெட்டியோ தூக்கி எறியப்படுவதற்கென்றே பிறந்தது. எறியக்கூடிய பெட்டிக்குள் எறியக்கூடாத பேரேட்டை எப்படி வைப்பது? இதை நானும் என் மாணவர்களும் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

எங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒதுக்கிப் போட்ட மூன்று கணினிகளைச் சேர்த்து ஒரு கூட்டம் அமைத்தோம். மாடியிலுள்ள சூரியத் தகட்டின் மின்னழுத்தத்தை நொடிக்கு ஒரு முறை பதிவு செய்வது திட்டம். பேரேடாக ‘போஸ்ட்கிரெஸ்’ என்ற தரவுத்தளத்தை வைத்தோம். 1986-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்த இலவச மென்பொருள் அது.

பெட்டியில் வரும் போஸ்ட்கிரெஸ், தையற்காரர் அளவெடுக்காமல் தைத்த சட்டை போன்றது. எல்லாருக்கும் ஓரளவு பொருந்தும். ஒரே நேரத்தில் 100 இணைப்பு, பொது நினைவகம் 128 மெகாபைட் என்று அதன் அமைப்புக் கோப்பில் எழுதியிருக்கும். கடிகாரமோ கிரீன்விச்சைச் சார்ந்த உலகப் பொது நேரத்தைக் காட்டும். நாங்கள் பெட்டிக்குள் நுழைந்து கோப்பைத் திருத்தினோம். நினைவகத்தை 256 ஆக்கினோம். நேரத்தை இந்திய நேரமாக மாற்றினோம். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

ஒரு நாள் இரவு மின்சாரம் போய் வந்தது. மறுநாள் பிற்பகல் வரைபடத்தைப் பார்த்த ஒரு மாணவி, “சார், இன்னிக்குச் சூரியன் காலை ஆறே முக்காலுக்கே உச்சிக்கு வந்திருச்சு!” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திண்டுக்கல்லின் தீர்க்கரேகை ஏறத்தாழ 78 பாகை கிழக்கு. இந்திய நேரத்தின் அடிப்படை 82.5 பாகை. பாகைக்கு 4 நிமிடமாக, நமக்குச் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.18 மணிக்கு. அதிலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் 6.48. அதாவது கடிகாரம் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது!

மின்சாரம் வந்ததும் மீகாமன் தன் கடமையைச் செய்திருக்கிறான். பழைய பெட்டி போயிற்று, புதியது வந்தது. நாங்கள் திருத்திய கோப்பு பழைய பெட்டியோடு போயிற்று. அதன் பிறகுதான் அடுத்த அடி. முந்தைய 19 நாள் பதிவும் இல்லை. நாளொன்றுக்கு 86,400 வீதம் 16,41,600 அளவீடுகள்! அளவீட்டு நிரல் வெற்றுப் பேரேட்டில் புதுப்பக்கம் தொடங்கி, எதுவும் நடக்காததுபோல் எழுதிக்கொண்டிருந்தது.

தவறு மீகாமனுடையதன்று. நாங்கள் பெட்டியின் சுவரில் எழுதிவைத்திருந்தோம்.

வெளியே வைக்க வேண்டியவை

அடுத்த முறை மூன்றைப் பெட்டிக்கு வெளியே எடுத்தோம். முதலாவது அமைப்புக் கோப்பு. அதை மீகாமனிடமே எழுதிக் கொடுத்துவிடலாம். ‘கன்ஃபிக் மேப்’ என்று இதற்குப் பெயர். எத்தனை முறை புதுப்பெட்டி பிறந்தாலும் அவன் அதே கோப்பைக் கொண்டுவந்து உள்ளே மாட்டுவான். இதைப் படி என்று போஸ்ட்கிரெஸுக்குத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது தன் பழைய கோப்பையே தேடிப் போகும். இன்னொன்று: வெளியே கோப்பைத் திருத்தியதும் உள்ளே மாறிவிடும் என்று எண்ணாதீர்கள். சில அமைப்புகளுக்கு ‘மறுபடி படி’ என்று கட்டளையிட்டால் போதும். பொது நினைவகம் போன்றவற்றுக்குத் தரவுத்தளத்தை நிறுத்தித் தொடங்கியே ஆக வேண்டும்.

இரண்டாவது தரவு. அது நிலையான வட்டில் இருக்க வேண்டும். பெட்டிகளுக்கு 0, 1, 2 என்று வரிசை எண் கொடுத்து, 0-ஆம் பெட்டி மறுபிறவி எடுத்தால் அதன் பழைய வட்டையே அதனிடம் சேர்க்கும் ஏற்பாடும் மீகாமனிடம் உண்டு.

மூன்றாவது கடவுச்சொல். நம்மூர்ப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் செய்பவர் யாரும் பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டிவிட்டு வெளியூர் போகச் சொல்ல மாட்டார். கடவுச்சொல்லை அமைப்புக் கோப்பில் எழுதாமல், ‘சீக்ரெட்’ என்ற தனி இடத்தில் வைக்கிறோம். பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். இயல்பு நிலையில் அதில் இருப்பது வெறும் எழுத்து மாற்றந்தான். மறைகுறியாக்கம் நாமே கேட்டுப் பெற வேண்டியது.

இதெல்லாம் ஆய்வுக்கூட விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் உள்ள க்யூ.ஆர். குறியைக் கைப்பேசியால் படித்தால் ‘தீக்ஷா’ தளத்துக்குப் போவீர்கள். 2017-இல் தொடங்கப்பட்ட அத்தளத்தின் அடியில் இருக்கும் ‘சன்பேர்டு’ மென்பொருளும் கன்டெய்னர்களாக ஓடுவதுதான். அத்தளத்தின் தரவு இருந்த ஒரு சேமிப்பிடம் ஓராண்டுக்கும் மேலாகப் பூட்டப்படாமல் கிடந்ததாக 2023 ஜனவரியில் ‘வயர்டு’ இதழ் எழுதியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் அதில் இருந்தன. எங்களுக்குப் போனது வெயில் கணக்கு மட்டுமே.

பிறகும் ஒரு முறை சறுக்கினோம். ஒவ்வொரு பெட்டிக்கும் இவ்வளவுதான் நினைவகம் என்று மீகாமன் எல்லை வகுப்பான். எங்கள் பெட்டிக்கு 1024 மெகாபைட். வரிசைப்படுத்தும் வேலைக்கு 4 மெகாபைட் என்றிருந்ததை, வேகம் கூடட்டும் என்று ஒரு மாணவர் 32 ஆக்கிவிட்டார். தனியாகச் சோதித்தபோது நன்றாகவே ஓடியது. வகுப்பில் 40 பேரும் ஒரே நேரத்தில் வரைபடம் கேட்டார்கள். 40 × 32 = 1280. பொது நினைவகத்தின் 256 போக மீதி இருந்ததோ 768 தான். பெட்டி விழுந்தது. திரையில் 137 என்ற எண் வந்தது. இயற்பியல்காரனுக்கு 137 என்றதும் நுண்கட்டமைப்பு மாறிலியின் தலைகீழி நினைவுக்கு வரும். நானும் ஒரு கணம் மயங்கினேன். இது வேறு. 128-உடன் 9-ஐக் கூட்டியது. லினக்ஸ் மொழியில் 9 என்றால் ‘கொல்’.

இம்முறை வரைபடம் மட்டும் அரை நிமிடம் நின்றது. பேரேட்டில் ஒரு வரியும் குறையவில்லை.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்கள் வந்ததும், அளவீட்டை நிறுத்தி, பதிவுகளின் எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதச் சொல்வேன். பிறகு அவர்களில் ஒருவரே போய் மின்சாரச் சுவிட்சை அணைக்க வேண்டும். மீண்டும் போட்டு எண்ணிப் பார்த்து, இரண்டு எண்களும் ஒத்திருந்தால்தான் எல்லாருக்கும் தேநீர்.