கோவையிலிருந்து சென்னைக்கு ஆகாய வழி

சங்கக் காரியமாகப் பிரதிநிதிகளைச் சென்னைக்கு அனுப்பும் பேச்சு எழும்போதும், பூக்கூடைகளை அனுப்பும் பேச்சு எழும்போதும், “விமானத்தில் ஒரு மணி நேரந்தானே!” என்று அங்கத்தினர்கள் சொல்லக் கேட்கிறோம். அந்த ஒரு மணி எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று அறிந்தாலன்றிச் சங்கத்தின் பணத்தை எங்கே செலவிடுவது, எங்கே மிச்சப்படுத்துவது என்பது விளங்காது.

பீளமேடு விமான நிலையத்திற்கும் மீனம்பாக்கத்திற்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 400 கிலோமீட்டர் தூரம். ரயில் பாதையோ திருப்பூர், ஈரோடு, சேலம், ஜோலார்பேட்டை, காட்பாடி என்று வளைந்து சென்று ஏறக்குறைய 495 கிலோமீட்டர் ஆகிறது.

ஜெட் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 800 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பது. அவ்வாறாயின் அரை மணி போதுமே. கால அட்டவணையில் ஒரு மணிக்கு மேல் போடுவானேன்? அட்டவணை நேரம் என்பது வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வது முதல், சென்ற ஊரில் மீண்டும் வந்து நிற்பது வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் முறைக்காகக் காத்திருப்பதும் அதில் அடக்கம். மேலும், 10,000 அடிக்குக் கீழே பொதுவாக மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாகாது என்பது விதி. இத்தகைய குறும் பயணத்தில் ஏறுவதிலும் இறங்குவதிலுமே பெரும்பொழுது கழிந்துவிடுகிறது. முழு வேகத்தில் பறப்பது சிறிது நேரமே.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. விமானம் காற்றை எதிர்த்தே இறங்கும். சென்னையில் மேல்காற்று வீசும் நாட்களில், கோவையிலிருந்து சென்ற விமானம் நிலையத்தைத் தாண்டிக் கிழக்கே கடற்பக்கம் போய்த் திரும்பி வந்துதான் இறங்கவேண்டும்.

இனி, வீட்டு வாசலிலிருந்து கணக்குப் பார்ப்போம். திருப்பூர் அங்கத்தினர் ஒருவர் பீளமேடு சேர ஒரு மணிக்கு மேலாகும். விமானம் புறப்படுவதற்குக் குறைந்தது ஒரு மணி முன்னதாக அங்கே இருக்கவேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்கி நகருக்குள் செல்ல மற்றொரு மணி. ஆக நாலரை மணிக்குக் குறையாது. 2023 ஏப்ரல் 8ஆம் நாள் தொடங்கிய வந்தே பாரத் ரயிலுக்குக் கோவையிலிருந்து சென்னை சென்ட்ரல் வரை குறித்த நேரம் 5 மணி 50 நிமிடம்; அது திருப்பூரிலும் நிற்கிறது. ஒரு மணியளவு மிச்சத்திற்காகச் சங்கம் விமானக் கட்டணம் கொடுப்பது எங்களுக்கு உசிதமாகத் தோன்றவில்லை. நெகமம் சேலை மூட்டைக்கோ இந்தக் கேள்வியே எழாது. சேலை வாடுவதில்லை, லாரியே போதும்.

சத்தியமங்கலத்து மல்லிகையின் கணக்கு வேறு. விடியுமுன் மொட்டாகப் பறித்தது மாலையில் மலர்ந்துவிடும். சாலை வழியில் அதன் பகற்பொழுது முழுவதும் கரைந்துபோகும். விமானத்தில் எல்லாத் தாமதங்களையும் கூட்டினாலும் பிற்பகலுக்குள் சந்தையை எட்டலாம். இங்கே கட்டணம் வீண் செலவன்று. ஆயினும் சரக்கு பெரும்பாலும் பிரயாணிகள் விமானத்தின் அடித்தளத்திலேயே செல்கிறது. பெட்டிகள் மிகுந்த நாளில் கூடைகள் அடுத்த விமானத்திற்குத் தள்ளப்படலாம். ஆகையால் பூ விளைவிப்போர் முகவரிடம் விமானம் எத்தனை மணிக்குப் புறப்படும் என்று கேட்பதோடு நில்லாமல், சரக்கு ஒப்புக்கொள்ளும் கடைசி நேரம் எது, நம் கூடைகளுக்கு இடம் முன்பதிவாகியிருக்கிறதா என்பவற்றையும், பறிக்கும் ஆட்களுக்குச் சொல்லுமுன், கேட்டுக் குறித்துக்கொள்ளவேண்டும்.