கொடுப்புக்குள் ஓர் எழுத்துப்பிழை

அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டத்தில் பாக்குவெட்டி, சுண்ணாம்பு, எங்கள் இணுவில் தோட்டத்துப் புகையிலைத் துண்டு எல்லாம் இருக்கும். சின்ன உரலில் இடித்து இடது கொடுப்புக்குள் அடக்கினால், அரை மணித்தியாலத்துக்கு அவவிடமிருந்து ஒரு கதையும் வராது.

கன்னமும் முரசும் சேருகிற அந்த இடத்தில்தான் புகையிலை சப்புவோருக்குப் புற்றுநோய் அதிகம் வருகிறது. அதற்கு எந்தப் பரம்பரை அலகுகள் காரணம் என்று இந்திய விஞ்ஞானிகள் தேடினார்கள்.

எங்கே என்று தேடுவது? அந்த அலகுகள் எழுதப்பட்டிருக்கும் டி.என்.ஏ.யில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். கலம் பிரியும்போதெல்லாம் அத்தனையும் பார்த்தெழுதப்பட வேண்டும். பிழை வராமல் இருக்குமா? போதாததற்குப் புகையிலை நஞ்சுகள் டி.என்.ஏ.யில் ஒட்டிக்கொண்டு பிழையைக் கூட்டுகின்றன.

தவில் பழகும் பிள்ளைகளின் கொப்பியைப் பாருங்கள். ஒருவன் 'தகதிமி'யில் 'தி'யை விட்டுவிடுவான், இன்னொருவன் வேறெங்கோ கோட்டை விடுவான். அது கவலையீனம். ஆனால் பல கொப்பிகளில் ஒரே சொல் பிழைத்திருந்தால் வாத்தியார் சும்மா விடுவாரா?

விஞ்ஞானிகளும் அப்படித்தான் பார்த்தார்கள். முதலில் 50 நோயாளர். ஒவ்வொருவரின் கட்டியிலிருந்தும் கொஞ்சம், இரத்தத்திலிருந்தும் கொஞ்சம். இரத்தம்தான் மூலக் கொப்பி. அதில் இல்லாத பிழை கட்டியில் இருந்தால், அது பிறந்த பிறகு வந்தது. 300 கோடியையும் வாசிக்கவில்லை. புரதம் செய்யச் சொல்லும் பகுதி நூறில் ஒன்றோ இரண்டோ பங்குதான். அதை மட்டும் வாசித்தார்கள். கெட்டிக்காரர்! பிறகு இன்னும் 60 பேரில் சரிபார்த்தார்கள்.

2013இல் முடிவு வெளிவந்தது. பரம்பரை அலகுகளில் டிபி53 என்ற பழைய ஆள் அகப்பட்டார். பழுதான கலத்தைப் பிரியவிடாமல் மறிக்கும் காவற்காரர் அவர். அவரே பழுதானால் படலை திறந்த மாதிரித்தான். கூடவே யூஎஸ்பி9எக்ஸ், ஏஆர்ஐடி2 உட்பட ஐந்து புதியவர்களும் அகப்பட்டார்கள்.

ஆனால் பிழை இருப்பதாலேயே குற்றவாளி ஆகிவிடாது. நீளமான பரம்பரை அலகில் சும்மாவே பிழை கூட இருக்கும். குற்றத்தை நிரூபிக்க, ஆய்வுகூடக் கலங்களில் அலகை வெட்டி நிறுத்திப் பார்க்க வேண்டும். வெட்டும் கத்தரிக்குப் பெயர் கிரிஸ்பர். இப்படித்தான் 2014இல் அமெரிக்காவில் ஒரு குழு, கலத்துக்கு ஒன்றாக 18,080 அலகுகளை நிறுத்தி, தோல் புற்றுநோய்க் கலங்கள்மேல் மருந்தை ஊற்றியது. சாகாமல் தப்பிய கலங்களில் எந்த அலகு நிறுத்தப்பட்டிருந்தது என்று பார்த்தார்கள். என்எஃப்1, என்எஃப்2 என்று சில பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன.