நெஞ்சு எரிகிறதா? சோடாவைத் தேடாதீர்கள்!

கடலூர் மாவட்டத்தில், வெள்ளாற்றின் கரையில் உள்ள ஊர் திட்டக்குடி. அங்கே கோவில் கொண்டுள்ள சிவபெருமானின் பெயர் வைத்தியநாதர். வைத்தியர்களுக்கெல்லாம் தலைவர் என்று பொருள்.

வைத்தியநாதர் இருக்கும் ஊர் என்றாலும், நெஞ்செரிச்சல் அங்கும் யாரையும் விட்டுவைப்பதில்லை! விருந்து சாப்பிட்ட இரவில், மார்புக்கு நடுவே தீ வைத்ததுபோல் எரியும். புளித்த நீர் தொண்டைவரை வரும். உடனே ஒருவர் சோடா வாங்க ஓடுவார். இன்னொருவர் பாலைக் காய்ச்சுவார்.

இரண்டும் சரியான வழி அல்ல. ஏன்?

எரிவது எது?

"நெஞ்செரிச்சல்" என்று பெயர். ஆனால் எரிவது இதயம் அல்ல; உணவுக் குழாய். வாயில் போட்ட சோற்றை இரைப்பைக்குக் கொண்டுபோகும் குழாய் அது. நீளம் சுமார் 10 அங்குலம்.

இரைப்பையில் ஓர் அமிலம் சுரக்கிறது. அதன் பெயர் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கடுமையான அமிலம்! அது இருந்தால்தான் சாப்பாடு ஜீரணம் ஆகும். கிருமிகளும் சாகும்.

அப்படியானால் இரைப்பை ஏன் வெந்துபோகவில்லை?

திட்டக்குடிக்கு அருகே உள்ள விருத்தாசலம், பீங்கான் தொழிலுக்குப் பெயர் போன ஊர். ஊறுகாயைப் பீங்கான் ஜாடியில் போடுவது ஏன்? இரும்புப் பாத்திரத்தில் போட்டால், புளிப்பு அதை அரித்துவிடும். பீங்கான் ஜாடியின் மேல் கண்ணாடி போன்ற பூச்சு உண்டு. புளிப்பு அதை ஒன்றும் செய்யாது.

இரைப்பையும் ஒரு ஜாடிதான்! அதன் உள்ளே வழவழப்பான சளிப் பூச்சு இருக்கிறது. அமிலம் அதைத் தாண்டாது. உணவுக் குழாய்க்கு அந்தப் பூச்சு இல்லை. அமிலம் மேலே ஏறினால் எரிகிறது.

வயிற்றில் ஒரு ஜன்னல்!

இரைப்பைக்குள் நடப்பதை ஒரு டாக்டர் நேரிலேயே பார்த்தார்!

1822-ம் ஆண்டு அமெரிக்காவில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற வாலிபர் மீது தவறுதலாகத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் வயிற்றில் விழுந்த ஓட்டை மூடவே இல்லை. சிகிச்சை அளித்த டாக்டர் வில்லியம் பியூமாண்ட், உணவை நூலில் கட்டி அந்த ஓட்டை வழியாக உள்ளே விட்டார். சிறிது நேரம் கழித்து வெளியே எடுத்துப் பார்த்தார். உணவு கரைந்திருந்தது!

தாம் கண்டதை 1833-ம் ஆண்டில் அவர் புத்தகமாக வெளியிட்டார். ஜீரணம் எப்படி நடக்கிறது என்பது உலகத்துக்குத் தெளிவாயிற்று.

கதவு தளர்ந்தால்...

உணவுக் குழாய் முடிந்து இரைப்பை தொடங்கும் இடத்தில், வளையம் போல ஒரு தசை இருக்கிறது. அதுதான் கதவு. சோறு வரும்போது திறக்கும். பிறகு மூடிக்கொள்ளும்.

அந்தக் கதவு தளர்ந்தால், அமிலம் மேலே வரும். வயிறு முட்டச் சாப்பிட்டால் கதவு தளரும். எண்ணெய்ப் பலகாரம், காப்பி, மது, புகையிலை ஆகியவையும் அதைத் தளர்த்தும். தொந்தி பெருத்தாலும், இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டினாலும் இரைப்பை நசுங்கும். கர்ப்பிணிகளுக்கு, வளரும் கருப்பை கீழேயிருந்து அழுத்துவதால் எரிச்சல் வருவது சகஜம். அவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த மருந்தும் சாப்பிடக் கூடாது.

மருந்து இல்லாத வைத்தியம்

கதவுக்கு உதவி செய்வதே நல்ல வைத்தியம். அதற்குக் காசு வேண்டாம்.

ஒரே வேளையில் நிறையச் சாப்பிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். ராச் சாப்பாட்டை, படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். சாப்பிட்ட உடனே குனிந்து வேலை செய்யாதீர்கள். நாற்று நடுகிறவர்களும் களை எடுக்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். சாப்பிட்டபின் சற்று உட்கார்ந்துவிட்டு வயலில் இறங்குவது நல்லது.

எந்தப் பண்டம் ஆகவில்லை என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு மிளகாய் ஆகாது. மற்றொருவருக்குத் தேநீர் ஆகாது. எதைச் சாப்பிட்டால் எரிகிறது என்று பார்த்து, அதை மட்டும் விட்டால் போதும்.

இரவில் எரிகிறதா? கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே, நகராத மரக்கட்டைகளை வைத்து 6 அங்குலம் உயர்த்துங்கள். தலையணையை மட்டும் அடுக்கினால் பயன் இல்லை. கழுத்துதான் மடங்கும். பாயில் படுப்பவர்கள் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம். அப்போது இரைப்பை, உணவுக் குழாய்க்குக் கீழே இருக்கும். அமிலம் ஏறுவது குறையும்.

பருமனானவர்கள் உடம்பைக் குறைத்தாலே பாதித் தொல்லை போய்விடும்.

சோடாவும் பாலும்

சோடாவில் இருப்பது வாயு. அது வயிற்றை உப்ப வைக்கும். ஏப்பம் வரும்போது அமிலமும் சேர்ந்து வரும். பால் முதலில் குளிர்ச்சி தரும். பிறகு இரைப்பை இன்னும் அதிகமாக அமிலத்தைச் சுரக்கும். ஆப்ப சோடாவைக் கரைத்துக் குடிப்பதும் ஆபத்து. அதில் உப்புச் சத்து அதிகம். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது.

சீரகத் தண்ணீர் குடிக்கலாமா? வெதுவெதுப்பாகக் குடித்தால் கெடுதல் இல்லை. சிலருக்கு இதமாக இருக்கும். ஆனால் தளர்ந்த கதவை அது இறுக்கிவிடாது.

ஜாக்கிரதை!

வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் எரிகிறதா? விழுங்கும்போது அடைக்கிறதா? காரணம் இல்லாமல் உடம்பு மெலிகிறதா? மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறதா? ரத்த வாந்தி வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி மாதக் கணக்கில் விழுங்கக் கூடாது.

எல்லாவற்றையும் விட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு.

மாரடைப்பும் சில சமயம் நெஞ்செரிச்சல் போலவே தொடங்கும்! மார்பில் பாரம் வைத்ததுபோல் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சுத் திணறல் - இவை அதன் அடையாளம். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலி குறைவாகவே இருக்கலாம்.

"வாயுப் பிடிப்புதான்" என்று சொல்லி, சோடா கொடுத்துப் படுக்க வைத்த வீடுகள் எத்தனையோ! அந்த ஒரு மணி நேரத்தில் உயிரே போய்விடும். சந்தேகம் வந்தால் 108-க்குப் போன் செய்யுங்கள். வந்தது வெறும் நெஞ்செரிச்சல் என்று டாக்டர் சொன்னால் வெட்கப்பட வேண்டியதில்லை. சந்தோஷமாக வீட்டுக்குத் திரும்பலாம்.