சப்பாணிப் பருவம்

தெய்வத்தைக் குழந்தையாகக் கண்டு பாடுவது பிள்ளைத்தமிழ். பத்துப் பருவங்கள்; பருவத்துக்குப் பத்துப் பாடல்கள். அவற்றுள் பாடப்படுவன யாவை என்று சற்றே எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் திங்களில் குழந்தை ஒரு காலை மடக்கி, மற்றொரு காலை நீட்டி, கைகளை நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்ந்து அசைகிறது; அது செங்கீரை. ஒன்பதாம் திங்களில் இரு கைகளையும் சேர்த்துத் தட்டுகிறது, அது சப்பாணி. (சப்பாணி என்றவுடன் கால் முடத்தை நினைத்துவிடாதீர்கள், இங்கே கை கொட்டுதலே பொருள்.) ஓராண்டு நிரம்புங்கால் தளர்நடையிட்டு வருகிறது, அது வருகை. சூரனை வென்ற வீரமும் உலகீன்ற பெருமையும் அப்பாடல்களில் அடைமொழிகளாக வந்து நிற்கும். பாட்டு முடிகிற இடத்தில் தாய் வேண்டுவதோ, குழந்தை ஒருமுறை கை தட்ட வேண்டும் என்பதே!

இவையெல்லாம் நம் இல்லங்களிலும் நிகழ்வனதாம். நிகழும் நேரத்தில் நமக்கு வேறு அலுவல் இருக்கிறது.

மதுரை மீனாட்சியம்மைக்கும் புள்ளிருக்குவேளூர் முத்துக்குமாரசுவாமிக்கும் பிள்ளைத்தமிழ் பாடியவர் குமரகுருபர அடிகள். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த அவர் ஐந்து வயது வரை பேசவில்லை. பெற்றோர் திருச்செந்தூர் சந்நிதியில் நோன்பிருந்தனர். செந்திலாண்டவன் அருளால் வாய் திறந்தது என்பது வரலாறு. அந்த ஐந்தாண்டும் அவ்வீட்டில் ஒரு மழலைச் சொல்லுக்காகக் காத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். நம் வீட்டுக் குழந்தை ஒரு நாளில் நூறு முறை அழைக்கிறது. "சும்மா இரு" என்கிறோம்.

மதுரையில் அந்நூல் அரங்கேறியபொழுது அம்மையே சிறுமியாக வந்து திருமலை நாயக்கர் மடியில் அமர்ந்து, அவர் கழுத்து முத்துமாலையை அடிகளுக்கு அணிவித்தாள் என்பர். தன்னைக் குழந்தையாகப் பாடியதில் அவளுக்கே அத்துணை மகிழ்ச்சி. பிறப்பிலியாகிய சிவபெருமானுக்கோ பிள்ளைத்தமிழ் பாடும் மரபில்லை. தாயில்லாத அப்பெருமான் காரைக்காற் பேயாரை "அம்மை" என்று அழைத்தருளியதையும் இங்கே சேர்த்து எண்ணுதல் தகும்.

அடியேன் இந்நூல்களைத் திருவிழா மேடைகளில் சொல்லத் தொடங்கி நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. என் மூத்த மகள் முதன்முதலாகக் கை கொட்டிய அன்று, யான் வேற்றூரில் சப்பாணிப் பருவத்துக்குப் பொருள் விரித்துக்கொண்டிருந்தேன். ஊர் திரும்பியதும் மனைவி சொன்னாள். "நல்லது" என்று சொல்லிவிட்டு, மறுநாள் சொற்பொழிவுக்குப் புத்தகத்தைப் புரட்டினேன். அவள் வேறொன்றும் சொல்லவில்லை.

அம்மகளின் பெண் இப்போது எங்கள் இல்லத்தில் இருக்கிறாள், பத்து மாதம். அந்தியில் விளக்கேற்றியதும் சுடரைப் பார்த்துக் கை தட்டுகிறாள். பல வேளைகளில் ஒரு கை மற்றொரு கையைச் சேராது, ஓசையும் எழாது. ஆயினும் சிரிப்பு வந்துவிடும். முதல்முறை அதைக் கண்ட அன்று, பூசையில் நாள்தோறும் வேண்டுவன ஒன்றும் என் நினைவுக்கு வரவில்லை. வெறுமனே கைகூப்பி நின்றேன். நெடுநேரம் கழித்து, "தாத்தாவுக்கு என்ன ஆயிற்று?" என்று மகள் கேட்டாள்.

இவ்விழாவுக்கு அழைப்பு வந்தபொழுது, இரவுப் பேருந்திலேயே அனுப்பிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். விழாக் குழுவினர் அன்புகூர்ந்து இசைந்தனர். ஆதலின் இன்று இவ்வளவில் நிறுத்தி, அம்புலிப் பருவத்தை நாளை மாலை வந்து சொல்கிறேன்.